பதினாலாம் தேதி பூத்தது

இனிமேல் அட்டை போடப்போவதில்லை என்று தொகாஷி இந்த வருஷப் புத்தாண்டு அட்டையில் எழுதியிருந்தார். எழுதியிருந்தார் என்றுகூடச் சொல்லக் கூடாது, அச்சடித்திருந்தார். "காலத்தின் போக்கை முன்னிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து வாழ்த்தட்டை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறோம், பொறுத்தருளவும்." இப்போது ஊரே போடுகிற வாசகம்தான். என் பல் டாக்டரும் இதையேதான் போட்டிருந்தார். பல் டாக்டர் நிறுத்தினால் எனக்கென்ன? தொகாஷியின் அட்டையில் அந்த வாசகத்துக்குக் கீழே, மனைவி மாயுவும் குழந்தை ஹொனோகாவும் பனியில் உட்கார்ந்து சிரிக்கிற படத்துக்கும் கீழே, மிச்சமிருந்த விரல் அகல இடத்தில் நீலப் பேனாவால் ஒரு சொல் இருந்தது. "பூத்ததா?"

எட்டு வருஷமாக அதே சொல்தான். முதல் மூன்று அட்டைகளில் படமில்லை, அந்தச் சொல் நடுவில் விசாலமாக உட்கார்ந்திருந்தது. நாலாவது அட்டையில் மாயுவின் பெயர் வந்தது. ஆறாவதில் முயல் காது வைத்த தொப்பியோடு ஒரு குழந்தை வந்தது. படம் பெரிதாகப் பெரிதாகச் சொல் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டே போனது. ஆனாலும் ஒரு வருஷமும் அவர் அதை விடவில்லை.

நானும் வருஷா வருஷம் பதில் எழுதினேன். இரண்டு பேரும் டிசம்பரில் தபாலில் போடுகிறோம். ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் ஜப்பானின் தெற்கே இங்கே ஃபுகுஓகாவிலும் வடக்கே அங்கே சப்போரோவிலும் தபால்காரர் ஒரே நேரத்தில் பெட்டியில் போடுகிறார். ஆகவே அவர் கேள்வியை நான் படிக்கும்போது என் அட்டை ஏற்கெனவே அவர் வீட்டில் இருக்கும். பதில் சொல்ல இன்னொரு வருஷம் ஆகும். மின்னஞ்சல் இல்லையா, போன் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லாம் இருக்கிறது. பேச வேண்டியதைப் பேசாமல் இருப்பதற்கு இந்த அட்டையைப்போல வசதி வேறெதிலும் கிடையாது.

"இன்னும் இல்லை" என்று ஏழு முறை எழுதியிருக்கிறேன். அது பொய். அவர் இந்த ஊரைவிட்டுக் கிளம்பிப் போன அதே வருஷம், முதல் கோடையிலேயே பூத்துவிட்டது. நான் சொல்லவில்லை.

பூ என்று நான் சொல்வது காலைப்பூ. விடியும்போது விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடுகிற கொடிப்பூ. எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதில் ஒரு தொட்டி கொடுப்பார்கள். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அதுதான் சோறு போடுகிறது. இருபது வருஷமாக நான் அங்கே டெக்னீஷியன். மேட்ஸ் குடும்பம் என்று ஒரு புரதக் கூட்டத்தைத்தான் நாங்கள் நோண்டிக்கொண்டிருக்கிறோம். ஈஸ்ட்டில் ஒன்று, கடுகு வகைக் களைச்செடியில் ஒன்று, ஒரு தோட்டப்பூவில் ஒன்று, மனிதனில் ஒன்று என்று முதலில் அகப்பட்ட நாலு பேரின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர். மனிதனில் இருப்பவன் இதயத் தசைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று படித்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் செடியில் இருக்கிறார்கள். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் எழுத்து வரிசையைத் தேடிப்பிடித்து அதன்மேல் உட்கார்ந்து, "இங்கே இதழ் வை, இங்கே மகரந்தம் வை" என்று உத்தரவு போடுவது அவர்கள் தொழில். தனியாளாக உட்கார மாட்டார்கள், ஜோடி சேர்ந்துதான் பிடிப்பார்கள். யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்து உறுப்பு மாறும்.

இந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு இரண்டு வேலை. மகரந்தமும் சூலும் வைக்கச் சொல்வது ஒன்று, "பூ முடிந்தது, போதும்" என்று நிறுத்துவது இன்னொன்று. அவனுடைய மரபணு உடைந்துபோனால் மகரந்தம் வரவேண்டிய இடத்தில் இதழ் வரும், சூல் வரவேண்டிய இடத்தில் இன்னொரு பூவே தொடங்கிவிடும். பூவுக்குள் பூவாக அடுக்கிக்கொண்டே போகும். அதுதான் அடுக்குப்பூ. பார்த்தால் கண் எடுக்க முடியாது, ஆனால் விதை வராது.

பிறகு அதை எப்படி வைத்துக் காப்பது? அதனுடன் பிறந்த சாதாப் பூக்களை வைத்துத்தான். நாலு செடியில் ஒன்று அடுக்கு. மீதி மூன்றும் பார்க்க ஒரே மாதிரி சாதா. ஆனால் அந்த மூன்றில் இரண்டு, அந்த மரபணுவின் உடைந்த பிரதி ஒன்றை வெளியே தெரியாமல் வைத்திருக்கும், ஒன்று வைத்திருக்காது. எது எது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. ஆகவே சாதாச் செடி ஒன்று விடாமல் விதை எடுத்து, தனித்தனி உறையில் போட்டு, அடுத்த வருஷம் எல்லாவற்றையும் விதைக்க வேண்டும். இது இந்தப் பூவை வளர்க்கிற எவரும் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம். புதிதாக வரும் மாணவர்களுக்கு இதை மிரட்டிச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

தொகாஷி எங்களிடம் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் இருந்தார். ஒப்பந்தம் முடிந்து மார்ச் மாதம் சப்போரோவில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில், கோபோ வேர் வறுவல் போட்ட உதோன் என்கிற தடித்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். ஒரு சின்னக் காகித உறையை என் பக்கம் தள்ளினார்.

"இதுல எட்டு விதை இருக்கு, ஹருதா சான். நான் சேர்த்தது. அடுக்கு மறைஞ்சிருக்கு, தாய்ச்செடியைப் பரிசோதிச்சுட்டேன். டீ கலந்த செம்மண் நிறத்துல வரும். அந்த நிறத்துல அடுக்கு நம்மகிட்ட இல்ல."

"கொண்டுபோய் அங்க போடுங்களேன்."

"அங்க காய் முத்துறதுக்குள்ள உறைபனி வந்துடும். உங்களுக்குத்தான் பால்கனி இருக்கே. தெற்குப் பார்த்தது."

"என் பால்கனி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் காது சிவந்துவிட்டது. "வாஷிங் மெஷின் தூக்க வந்தப்போ பார்த்தேன்."

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின மாதிரி சொல்றீங்க. போன மாசம்தான். மறக்கலன்னு பெருமையா?"

"பெருமை இல்ல." கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூத்தா சொல்லுங்க. பார்க்க வரேன்."

அதற்கடுத்த வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. "போகாதீங்க" என்றோ "நானும் வரட்டுமா" என்றோ நானும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணும் நாற்பது வயது ஆணும் வாயைத் திறக்கப் பயந்து வேர் வறுவலைக் கடித்துக்கொண்டிருந்தோம். ஐந்து வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, அவர் தும்மினால் எந்தப் பூவின் தூசு என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. நாளையிலிருந்து அந்த மேசை காலி. உறையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே மாதம் எட்டும் விதைத்தேன், எட்டும் முளைத்தன. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று நாலு மாதமும் அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போய்ச் சேர்ந்தேன் என்றுகூட இல்லை. எங்கள் பேராசிரியருக்கு மட்டும் மின்னஞ்சல் வந்ததாம். எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி, முன்னோரை நினைக்கிற ஓபோன் விடுமுறை. காலை ஐந்து மணிக்குப் பால்கனிக் கதவைத் திறந்தால் மூன்றாவது தொட்டியிலும் ஏழாவது தொட்டியிலும் அடுக்குப் பூத்திருந்தது. அவர் சொன்ன நிறமேதான். இதழுக்குள் இதழ், அதற்குள் இன்னொரு மொட்டு, அதன் நுனியில் ஓர் இதழ் எட்டிப் பார்த்தது. இருபது வருஷ வேலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பூவை நான் பார்த்ததில்லை. கீழே உட்கார்ந்துவிட்டேன். போனைக் கையில் எடுத்தேன், அவர் பெயர்வரை போனேன். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன எண்ணம் வந்தது. நாலரை மாதமாக நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காத மனுஷனுக்குப் பூ மட்டும் வேண்டுமா? இருக்கட்டும், கொஞ்சம் காயட்டும். போனை வைத்துவிட்டேன்.

மாதக் கடைசிவரை இரண்டும் பூத்துத் தள்ளின. நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுத்தால் அனுப்பத் தோன்றும்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அது செப்டம்பரில் நிரூபணமானது. எங்கள் அடுக்குமாடிக்குப் பெரிய பழுதுபார்ப்பு, கட்டடம் முழுக்கச் சாரம் கட்டப்போகிறார்கள், பால்கனியில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். என் வீட்டுக்குள் ஒரு தொட்டிக்குத்தான் வெயிலுள்ள இடம் இருந்தது. சாதாச் செடி ஆறு. காய்கள் இன்னும் பச்சை. ஆறிலிருந்தும் ஆளுக்கொரு இலைத் துண்டு எடுத்துக்கொண்டு போயிருந்தால், எது மறைத்து வைத்திருக்கிறது என்று ஒரு மதியத்தில் கண்டுபிடித்திருக்கலாம். தினமும் அந்தச் சோதனையைத்தான் நான் ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிறேன். ஆய்வுக்கூடத்துக் கூரையடியில் ஆறு தொட்டிக்கு இடமும் கேட்டிருக்கலாம். "அவருக்காக நான் அவ்வளவு மெனக்கெடணுமா?" என்று இருந்தது. நிறையக் காய் பிடித்து ஜம்மென்றிருந்த ஒரு தொட்டியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டேன்.

ஜனவரியில் முதல் அட்டை வந்தது. "பூத்ததா?" அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அத்தனை மாதக் கோபமும் போன இடம் தெரியவில்லை. அட்டையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, வருகிறபோதும் போகிறபோதும் படித்தேன். ஆனால் இப்போது என்னவென்று பதில் எழுதுவது? பூத்தது, வேண்டுமென்றே சொல்லவில்லை என்றா? சரி, வருகிற கோடையில் மறுபடி பூக்கும், அன்றைக்கே போன் செய்துவிடலாம் என்று வைத்தேன்.

வந்த கோடையில் எட்டுத் தொட்டியும் சாதா. அதற்கடுத்த கோடையிலும் சாதா. கணக்குத் தெரியாதவளா நான்? நான் வைத்துக்கொண்ட அந்த ஜம்மென்ற தொட்டி எதையும் மறைத்து வைத்திராத செடியாக இருந்திருந்தால், அத்தோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு நூறு வருஷம் விதைத்தாலும் அடுக்கு வராது. மூன்றாம் கோடையிலேயே எனக்குப் பாதிக்குமேல் தெரிந்துவிட்டது. ஆனாலும் சோதனை செய்யவில்லை. செய்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மே மாதம் விதைக்க எதுவும் இருக்காது, ஆகஸ்டில் ஐந்து மணிக்கு எழுந்து கதவைத் திறக்கவும் காரணம் இருக்காது. அவருக்குக் கல்யாணம் ஆன பிறகும் நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். அவர் குடும்பத்திலிருந்து எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு முறை "பூத்தது" என்று அவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அட்டையும் நிற்கப்போகிறது. இந்தக் கோடைதான் கடைசி. பால்கனி எட்டுத் தொட்டி போதாது என்று ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி வீட்டின் மூலையில் சொல்லாமல் கொள்ளாமல் நாற்பது விதை போட்டேன். ஜூலையில் எங்கள் ஊர் யாமாகாசா திருவிழா முடிந்து மழை விட்ட மறுநாள், உதவிப் பேராசிரியர் இசேகி கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, அவள் நாக்கு மட்டும் என்னைவிட நீளம்.

"ஹருதா சான், இந்த நாற்பது யாரோட அனாதைப் பிள்ளைங்க? சீட்டுல நம்பர் மட்டும் இருக்கு, பேரே இல்ல. மாணவன் எவனாவது இப்படி வச்சிருந்தா நீங்க அவன் தோலை உரிச்சிருப்பீங்க."

"என்னோடதுதான்."

"அது தெரியுது. என்ன வரிசை, எந்த வம்சம்?"

சொல்லாமல் விட மாட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உதோன் கடையிலிருந்து குப்பைப் பைவரை. கேட்டு முடித்துவிட்டு நீர்க்குழாயை அடைத்தாள்.

"ஒன்பது வருஷமா?"

"ஒன்பது கோடை."

"சோதிக்கவே இல்லையா? நீங்களா? மத்தவங்க ஜெல்லுல ஒரு கோடு மங்கலா இருந்தா திருப்பி ஓட்டச் சொல்ற நீங்க?" தலையில் அடித்துக்கொண்டாள். "இலையைக் குடுங்க. நாலு மணிக்குச் சொல்லிடறேன்."

"தொடாதீங்க."

"ஏன்? செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுடும்னா?"

"ஆமா."

அப்படி நேராகச் சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "சரி. அந்த அட்டைக்காரரு நிறுத்திட்டாருன்னா, அப்புறம் நீங்க யாருக்கு 'இன்னும் இல்லை'ன்னு எழுதுவீங்க?"

மறுநாள் காலை நானே துளைப்பானை எடுத்துக்கொண்டு போய் நாற்பது செடியிலும் ஆளுக்கொரு சிறு வட்டம் இலையை எடுத்தேன். ஒத்துப் பார்ப்பதற்காக, எங்கள் ஆய்வுக்கூட வரிசையில் அடுக்கு மறைந்திருக்கிற செடியிலிருந்தும் ஒன்று. கை பழகின வேலை, அதுபாட்டுக்குச் செய்தது. நடுவில் வேறொரு துண்டு செருகிக்கொண்டதால் உடைந்த பிரதி நல்ல பிரதியைவிட நீளம். ஆகவே டி.என்.ஏ.த் துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் மேலே தங்கிவிடும். மறைத்து வைத்திருக்கிற செடியென்றால் இரண்டு கோடு, இல்லாத செடியென்றால் கீழே ஒரு கோடு.

மூன்றரை மணிக்கு விளக்கைப் போட்டேன். எங்கள் வரிசைச் செடிக்குத் தெளிவாக இரண்டு கோடு. என்னுடைய நாற்பதுக்கும் கீழே ஒற்றைக் கோடு. நாற்பதும் ஒரே உயரத்தில், அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருந்தன. ஒரு கோடும் மங்கலில்லை, திருப்பி ஓட்ட ஒரு சாக்கும் இல்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பசித்தது. பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் நம்பிக் கொடுத்ததை நான் என் கையால் குப்பையில் போட்டு, எட்டுக் கோடையாக வெறும் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இசேகி வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நம்ம வரிசைல அந்தப் பக்கம் அடுக்கு பூத்துக் குலுங்குது. ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க. பூத்ததுன்னு போடுங்க. அவரும் சந்தோஷப்படுவாரு, நீங்களும் நிம்மதியா இருக்கலாம்."

"நம்மளது ஊதா. அவரோடது செம்மண்."

"கறுப்பு வெள்ளைல அனுப்புங்க."

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதுதான் அழுகையும் வந்தது. அவள் என்னிடம் காகிதத் துண்டுச் சுருளை முழுதாகத் தூக்கிக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் துடைத்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் முதல் வாரம் போனதும் கோடை விசாரிப்பு அட்டை ஒன்று வாங்கினேன். வெயில் இன்னும் தணியவில்லை, நலமா என்று கேட்பதற்கான அட்டை. இதற்குமுன் அவருக்கு இந்த மாதிரி அட்டை போட்டதில்லை. வெயிலைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் இப்படி எழுதினேன்.

"பூத்தது. நீங்கள் கிளம்பிப் போன அதே வருஷம், ஆகஸ்ட் பதினாலாம் தேதி காலை, இரண்டு தொட்டியில். நீங்கள் சொன்ன நிறம். கோபத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் கவனக்குறைவால் வரிசையே அழிந்துவிட்டது, இப்போது சோதித்து உறுதி செய்துகொண்டேன். இத்தனை வருஷம் 'இன்னும் இல்லை' என்று எழுதியது பொய். மன்னிக்க வேண்டும்."

இரண்டாவது முறை படிக்காமல் பெட்டியில் போட்டேன். படித்தால் போட்டிருக்க மாட்டேன்.

இருபதாம் தேதி மதியம் ஆய்வுக்கூடத்து மேசைப் போன் அடித்தது. இசேகிதான் எடுத்தாள். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து, "சப்போரோ" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். என் கையில் அதைத் திணித்துவிட்டு, அறையிலிருந்த மாணவர்கள் இரண்டு பேரையும் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே ஓட்டிக்கொண்டு போனாள்.

"ஹருதா சான். தொகாஷி பேசறேன்."

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல். எட்டு வருஷத்துக்கு மேல் கேட்காத குரல். "அட்டை வந்துதா?" என்றேன்.

"வந்துது. ரெண்டு தொட்டியா?"

"ரெண்டு. மூணாவதும் ஏழாவதும்."

"எட்டுல ரெண்டு. கணக்குச் சரியா வந்திருக்கு." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "எத்தனை அடுக்கு?"

"மூணு. நாலாவது உள்ள மொட்டா இருந்துது. நுனில ஒரு இதழ் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு."

"நிறம்?"

"டீயில செம்மண்ணைக் கரைச்ச மாதிரி. ஓரத்துல மெல்லிசா வெள்ளை. ஒன்பது மணிக்கு மேல கொஞ்சம் கறுத்துது."

"வெள்ளை ஓரமா? அது நான் எதிர்பார்க்கலியே." ஒரு நொடி பழைய தொகாஷி வந்துவிட்டுப் போனார். "நல்லா இருந்துதா?"

"நான் பார்த்ததுலயே அதுதான் நல்ல பூ," என்றேன். "சொல்லாம விட்டது தப்பு. உங்க பூ அது."

அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டது, ஒரு பெண் அதற்குப் பதில் சொன்னாள், ஒரு கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

"பதினாலாம் தேதின்னு போட்டிருந்தீங்க இல்ல? அந்த வருஷம் பதினாறாம் தேதிக்கு ஃபுகுஓகாவுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன். ஓபோனுக்குள்ள பூத்துடும்னு ஒரு கணக்கு. பதினஞ்சாம் தேதி வரைக்கும் போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ரத்து பண்ணிட்டேன்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அப்படின்னா வந்திருக்கலாமே. டிக்கெட் இருந்துதே."

"பூக்கலன்னு நினைச்சேன். பூ இல்லாம அங்க வர எனக்கு என்ன காரணம் இருந்துது, சொல்லுங்க?"

"நான் இருந்தேனே," என்றேன்.

முப்பத்தெட்டு வயதில் உதோன் கடையில் வராத வாக்கியம் நாற்பத்தாறு வயதில், பகல் இரண்டரை மணிக்கு, அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"ஆமா," என்றார் தொகாஷி. "இருந்தீங்க."